இரண்டு பல் டாக்டர்கள், இரண்டு இடுப்புகள்

மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லை எந்தப் பல் டாக்டருக்கும் பிடிக்காது. வாயின் பின்மூலையில், கன்னத்துக்கு உள்ளே ஒளிந்துகொண்டு, "என்னைப் பார்க்கணுமா, நீதான் குனிந்து வா" என்று அடம்பிடிக்கிற பல் அது. நானும் டெல்லி ஜனக்புரியில் கிளினிக் வைத்த நாளிலிருந்து அதன் பேச்சைக் கேட்டுக் குனிந்துகொண்டேதான் இருந்தேன்.

அந்தக் கிளினிக் என்னுடையது மட்டும் இல்லை. என் சிநேகிதியும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். ஒரு வீட்டின் கீழ்த்தளம். இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பிலிருந்து வருவேன். அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. அவள் இதே ஜனக்புரியிலிருந்து வருவாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தும் என் சிநேகிதியின் வாயில் இன்றைக்கும் அவளுடைய அம்மாவின் ஊர்த் தமிழ்தான். அவள் இடதுகைக்காரி. நான் வலதுகை. பள்ளியில் எழுதும்போது எங்கள் முழங்கைகள் இடித்துக்கொள்ளும். அந்தச் சண்டையில்தான் சிநேகிதம் ஆரம்பித்தது.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு பிற்பகல். என் நாற்காலியில் பக்கத்து பிளாக் பஞ்சாபி ஆன்ட்டி படுத்திருந்தார். அரசுப் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மேல்வரிசையில் கடைசிப் பல்லுக்கு முந்தின பல்லில் வேர் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, வாயின் குறுக்கே பச்சை ரப்பர் திரையை மாட்டியிருந்தேன். திரையின் நடுவிலிருந்த ஓட்டை வழியாக அந்த ஒரு பல் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல வலது பக்கமாகச் சாய்ந்து, கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாய்ந்ததில், இடுப்பில் யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல் இருந்தது.

கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டேன். அதுவரைக்கும் உடம்பு ஒத்துழைத்தது. அப்புறம் நிமிர்ந்தால், நிமிர வரவில்லை. குனியவும் வரவில்லை. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தபடி கேள்விக்குறி மாதிரி நின்றேன். எங்கள் கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் பெண் பயந்துபோய், உறிஞ்சு குழாயைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினாள்.

ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். நான் நின்ற கோலத்தைப் பார்த்தார்.

"க்கா உஆ, ஏத்தா?" என்றார். மரத்த உதட்டோடும் ரப்பர் திரையோடும், என்ன ஆச்சு மகளே என்கிற "க்யா ஹுவா, பேட்டா" அவருக்கு அவ்வளவுதான் வந்தது.

"கமர்... கமர் பிடிச்சுக்கிச்சு, ஆன்ட்டி" என்று, இடுப்புக்கு இந்திச் சொல்லும் மிச்சத்துக்குத் தமிழுமாக உளறினேன்.

அவ்வளவுதான், அந்த அம்மாள் எழுந்துவிட்டார். வாயில் திரையைக் கழற்றவில்லை. கழற்ற அவருக்குத் தெரியவும் தெரியாது. பச்சைத் திரையும் அதன் நடுவே ஒற்றைப் பல்லுமாக இறங்கி வந்து, என் அக்குள்களுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, தூக்காமல் தூக்கி, மெதுவாகத் திருப்பி, தான் படுத்திருந்த நாற்காலியிலேயே என்னைப் படுக்க வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கிளினிக்கின் விளக்கைக் கீழே இருந்து பார்த்தேன். கண் கூசியது. ஆன்ட்டி அதைக் கவனித்து, விளக்கைக்கூடத் தள்ளி வைத்தார்.

அந்த நிமிஷம் பார்த்துத்தான் என் சிநேகிதி உள்ளே வந்தாள். டாக்டர் நாற்காலியில். நோயாளி பக்கத்தில், டாக்டர் நிற்கும் இடத்தில், வாயில் திரையோடு.

"ஏட்டி, இங்கன யாரு யாருக்குப் பல்லு பாக்கா?"

"சிரிக்க வைக்காதடி, சத்தியமா வலிக்குது."

"அசையாத. அப்படியே கெட. கால் மரத்துருக்கா? விரல ஆட்டு பாப்பம்."

விரல்கள் ஆடின. அவளுக்கு மூச்சு வந்தது. ஆன்ட்டியைக் கைப்பிடித்துத் தன் அறைக்கு அழைத்துப்போய் மிச்ச வேலையை அவளே முடித்தாள். நான் இந்த அறையில் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய கருவி கிணுகிணுப்பதைக் கேட்டுக்கொண்டே, சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். போகும்போது ஆன்ட்டி எட்டிப் பார்த்து, கோணிய உதட்டோடு, "லேட்டீ ரஹோ", படுத்தே இரு என்று அதட்டிவிட்டுப் போனார். அந்தக் குரலுக்கு ஒரு மைதானமே படுத்திருக்கும்.

என் கணவர் வந்து காரின் பின்சீட்டில் படுக்க வைத்து வீட்டுக்கு ஓட்டிவந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால், "வருது, வருது, பிடிச்சுக்க" என்று ரயில்வே அறிவிப்புபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. டெல்லியில் அவ்வளவு மெதுவாக ஒரு கார் போய் நான் பார்த்ததில்லை.

டாக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். தசைப் பிடிப்புதான், ரொம்ப நாள் படுக்கையில் கிடக்கக் கூடாது, முடிந்த அளவு வீட்டுக்குள்ளேயே நட, வலி குறைந்ததும் பிசியோதெரபிக்குப் போ என்றார். இரண்டாம் நாளே சுவரைப் பிடித்து நடந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் என் சிநேகிதி ஒரு டப்பாவில் ரவைப் பணியாரமும் முகத்தில் ஒரு மாதிரியான அசட்டுச் சிரிப்புமாக வந்தாள்.

"எனக்கும் ரொம்ப நாளா வலிக்குதுட்டி."

"எங்க?"

"ஒனக்கு எங்கயோ அங்கதான். ஆனா மறுபக்கம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ எங்கிட்ட சொன்னியா?"

நான் சொல்லவில்லைதான். ராத்திரி வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கியது, நோயாளிகளுக்கு நடுவே கழிப்பறைக்குள் போய் இடுப்பில் கை வைத்து வளைந்து நின்றது, எதையும் சொன்னதில்லை. அவளும் அதே கழிப்பறையில் அதையேதான் செய்திருக்கிறாள். நடுவில் ஒரே ஒரு கதவு. ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் ஒரே வலியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரித்தால் வலித்தது. அதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள்.

பிசியோதெரபிஸ்ட் ஓர் இளைஞர். அதிகம் பேசமாட்டார். வேலை செய்யும்போது எப்படி உட்காருவீர்கள், காட்டுங்கள் என்று இந்தியில் கேட்டார். நான் அவருடைய ஸ்டூலில் முதுகை நேராக்கி, தோளைத் தளர்த்தி, பாடப்புத்தகத்தில் படம் போடலாம் என்கிற மாதிரி உட்கார்ந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"இது போட்டோவுக்கு உட்கார்றது, டாக்டர். வாயில பல் இருக்கும்போது எப்படி உட்கார்றீங்கன்னு வீடியோ எடுத்துட்டு வாங்க."

வலி முழுக்க இறங்கி வேலைக்குத் திரும்பிய வாரம், என் சிநேகிதி கதவோரம் நின்று என் பின்பக்கமாக வீடியோ எடுத்தாள். நோயாளியிடம் கேட்டுக்கொண்டுதான்; அவர் முகம் தெரியாது, என் முதுகு மட்டும்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதை வீட்டு டிவியில் போட்டேன். கணவரும் எட்டாம் வகுப்பு படிக்கிற மகளும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

திரையில் இருந்த பெண்மணியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நேராகத்தான் ஆரம்பிக்கிறாள். இரண்டு நிமிஷத்தில் தலை ஒரு பக்கம் போகிறது. பின்னாலேயே தோள் போகிறது. அப்புறம் ஒரு பக்க இடுப்பு ஸ்டூலை விட்டுக் கிளம்பிவிடுகிறது. கடைசியில் பாதி ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவள் மாதிரி அந்த வாய்க்குள் எட்டிப் பார்க்கிறாள். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்து, உடனே மறுபடி குனிகிறாள்.

"அம்மா! நீ பகுலா மாதிரி இருக்கே!" என்று மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

"பகுலா இல்ல. தமிழ்ல கொக்கு" என்றார் கணவர்.

"கொக்கு!" என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்த வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ராத்திரி முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

மறுநாள் நான் என் சிநேகிதியை எடுத்தேன். அதே சாய்மானம், ஆனால் இடது பக்கம். இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். ஒருத்தி இப்படி வளைய, மற்றவள் அப்படி வளைய, நாங்கள் இரண்டு பேரும் ஓர் அடைப்புக்குறியின் இரண்டு பக்கம் போல இருந்தோம். நடுவில் ஒரு வாக்கியம் எழுதலாம்.

பிசியோதெரபிஸ்ட் இரண்டையும் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி சொல்லித் தந்தார். ஆனால் பயிற்சியைவிட முக்கியம் நீங்கள் உட்காரும் இடம், அதை என்னைவிட உங்கள் புத்தகங்களே நன்றாகச் சொல்லும் என்றார். அது உண்மைதான். பல் மருத்துவத்தில் டாக்டர் உட்காரும் இடத்தைக் கடிகாரக் கணக்கில்தான் சொல்வோம். நோயாளியின் தலையைக் கடிகாரத்தின் நடுவாக வைத்துக்கொண்டால், அவருடைய உச்சந்தலைக்கு நேர் பின்னால் பன்னிரண்டு மணி. அவரை நன்றாகப் படுக்க வைத்து, பன்னிரண்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, மேல்வரிசைப் பற்களை நேராகப் பார்க்காமல் கையிலிருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தே வேலை செய்ய வேண்டும். கல்லூரியில் இதைப் படித்தோம், பரீட்சையில் செய்தும் காட்டினோம். வெளியே வந்ததும், கண்ணாடியைவிடக் குனிவது சுலபமாக இருந்தது. கண்ணாடியில் இடது வலது மாறாது, முன்னும் பின்னும்தான் தலைகீழ். முன்னால் தள்ளினால் பின்னால் போகும்.

"இனிமே பன்னெண்டு மணிதான்" என்றாள் சிநேகிதி. "ஒனக்கும் பன்னெண்டு, எனக்கும் பன்னெண்டு. இந்த எடதுகை வலதுகைச் சண்டையே கெடையாது பாரு."

கண்ணாடிக்குக் கையைப் பழக்க வேண்டுமே. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தாளை அட்டையால் மறைத்து, கண்ணாடியை மட்டும் பார்த்து எழுதிப் பழகினேன். வட்டம் போட்டேன், உருளைக்கிழங்கு வந்தது. சரி, பழகின எழுத்தாக இருக்கட்டும் என்று 'அ' எழுதினேன். கண்ணாடியில் 'அ' தெரிய வேண்டுமென்றால் கை வேறு வழியில் போக வேண்டும். என் கையோ போன வழியிலேயே போய் முட்டிக்கொண்டது. மகள் வந்து பார்த்தாள்.

"நான் ட்ரை பண்ணட்டா?"

அவள் வீட்டில் தமிழ் பேசுவாள். படிக்க வராது. அவளுடைய பள்ளியில் தமிழ் இல்லை. நான் சொல்லித்தர உட்கார்ந்தபோதெல்லாம் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். அவளிடம் 'இ' எழுதிய ஒரு தாளைக் கொடுத்தேன். அவள் அதை ஒரு படத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள், அப்புறம் கண்ணாடியைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு மெல்ல இழுத்தாள். கண்ணாடிக்குள் அழகாக ஓர் 'இ' உட்கார்ந்திருந்தது. என் கைக்கு எழுத்து தெரியும். அதனாலேயே அது பழைய தடத்தில் ஓடியது. அவளுக்கு அது கோடும் சுழியும்தான்.

"அச்சா! நெக்ஸ்ட் குடு!" என்றாள்.

நான் எழுத்து தர, அவள் கண்ணாடியில் வரைய, அடுத்து நான் வரைய, யாருடையது சரி என்று கணவர் தீர்ப்பு சொல்ல, இது தினசரி விளையாட்டாகிவிட்டது. 'ஞ' வந்த அன்று பெரிய ரகளை. அவள் போட்டது ஞ. நான் போட்டது எந்த மொழியிலும் இல்லை. பரிசாக அவளுக்கு மோமோ. அடுத்த எழுத்து என்ன, இதற்கு என்ன சத்தம் என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு காலை நான் பால் எடுக்கப் போனால், ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நேர் எழுத்தில், கொட்டை கொட்டையாக: "அம்மா குணியாதே".

இரண்டு சுழி 'ன'வா மூன்று சுழி 'ண'வா என்று நான் திருத்தவில்லை. பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பால் எடுக்க வந்ததே மறந்துபோயிற்று.

கிளினிக்கில் வேறு மாதிரிச் சிக்கல். நாங்கள் நோயாளிகளை முன்பு பாதி சாய்வில்தான் உட்கார வைத்திருந்தோம். இப்போது முழுக்கப் படுக்க வைத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். "சுலாவோகீ க்யா?", தூங்க வைக்கப் போகிறாயா என்று கேட்டார் ஒருவர். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டு, என்னை ஒரேயடியாக அனுப்பிவைக்கப் போகிறீர்களா என்றார். அவருக்கு நாற்காலியை அங்குலம் அங்குலமாகச் சாய்த்து, போதுமா போதுமா என்று கேட்டுக்கொண்டே கடைசி வரைக்கும் கொண்டுபோனேன். வேலை முடிந்து எழுப்பும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அதைவிட வேடிக்கை, கூரை. மாடி வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகி ஒழுகி என் அறைக் கூரையில் ஒரு பெரிய கறை இருந்தது. இத்தனை நாளும் அது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது வருகிற எல்லாரும் அதற்கு நேர் கீழே படுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது குஜராத் மாதிரி தெரிந்தது. ஒருவர் யானை என்றார். வாயைக் கொப்பளிக்க எழுந்திருக்கும்போதெல்லாம், பல்லைப் பற்றிக் கேட்காமல், "மேடம், யே சீலன் டீக் கராயியே" என்று ஒழுகலைச் சரிசெய்யச் சொன்னார்கள். ஒரு சிவில் இன்ஜினியர், வாயில் பஞ்சு வைத்திருந்ததால் பேச முடியாமல், கையாலேயே குழாய் எங்கே கசிகிறது என்று விளக்கினார். கடைசியில் மாடி வீட்டுக்காரரையே பல் சுத்தம் செய்ய வரச் சொல்லி, அந்த நாற்காலியில் படுக்க வைத்தோம். அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே பிளம்பர் வந்துவிட்டார்.

பழக்கம் லேசில் போகாது. நேராக ஆரம்பித்தாலும் பல் கொஞ்சம் முரண்டு பிடித்தால் உடம்பு தானாகச் சாய்ந்துவிடும். நாங்களே கவனிக்க முடியாது. அதனால் நடுக்கதவைத் திறந்தே வைத்தோம். போகிற வருகிற சாக்கில் ஒருத்தி மற்றவளை எட்டிப் பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் எச்சரிக்க வேண்டும். நோயாளி பயந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொண்டோம். என் மகள் எனக்கு வைத்த பெயர்தான்.

"கொக்கு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். நான் நிமிர்வேன். கொஞ்ச நேரம் கழித்து நான், "கொக்கு!" என்பேன். அவள் நிமிர்வாள். ஜனக்புரிக்காரர்கள் அதை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் படுத்திருந்தார். டெல்லி ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தூத்துக்குடிப் பக்கம். "கொக்கு!" என்று சத்தம் வந்ததும் மூடியிருந்த கண்ணைத் திறந்து, என் கண்ணாடியையும் கருவியையும் தாண்டி, "எங்கயம்மா கொக்கு?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்ததில் அன்றைக்குப் பாதி நேரம் வேலையே நடக்கவில்லை. "நானும் வார்டுல குனிஞ்சு குனிஞ்சு இடுப்ப ஒடிச்சவதான். நீங்க வேலையப் பாருங்க, நான் ஒங்கள பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்தபடியே, நான் சாயும்போதெல்லாம் விரலால் என் முழங்கையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேராக நான் அதற்கு முன் யாருக்கும் பல் அடைத்ததில்லை.

குளிர் இறங்குகிற சமயத்தில், பஞ்சாபி ஆன்ட்டி அந்தக் கடைவாய்ப் பல்லுக்குக் கவசம் போட வந்தார். என்னிடம்தான் செய்துகொள்வேன் என்று சிநேகிதியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதே பல், அதே மூலை. அவரைப் படுக்க வைத்து, ஸ்டூலை உயர்த்தி, பன்னிரண்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியை உள்ளே விட்டதும் பல் தெரிந்தது. ஆவி படிந்து மங்கியது; உதவிப் பெண் காற்று ஊதினாள், மறுபடி தெளிவானது. முதலில் கை தயங்கியது. பிறகு எப்போது என்று தெரியாமல், தயக்கம் போய்விட்டது. மேஜையில் மகளோடு போட்ட சுழிகள் எல்லாம் விரல் நுனியில் இருந்தன. முன்னால் என்றால் பின்னால், இடது என்றால் இடது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பல்லைச் சுற்றிச் செதுக்கி, அளவெடுத்து, தற்காலிகக் கவசத்தை ஒட்டி முடித்தபோதுதான் கவனித்தேன்: கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வந்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், என் சிநேகிதி கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்கற?"

"ஆரம்பத்துல இருந்து. ஒரு தடவயாவது கூப்புடலாம்னு பாத்தேன். ஏமாத்திட்டியேட்டி."

எதையும் பிடிக்காமல் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். ஆன்ட்டி எழுந்து உட்கார்ந்து, நான் நீட்டிய முகக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, பல்லைப் பார்க்காமல் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். என் முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"தாந்த் தோ டீக் ஹோகா. கமர்?" பல் சரியாகிவிடும், இடுப்பு எப்படி என்று கேட்டார்.

"கமரும் டீக், ஆன்ட்டி."

"ஷாபாஷ்" என்றார், அதே மைதானக் குரலில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளியில் ஒரு ஓட்டப் பந்தயத்திலும் நான் ஜெயித்ததில்லை.

இந்த விஷயம் எங்களோடு நிற்கவில்லை. என் சிநேகிதி எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வீடியோக்களையும் போட்டுவிட்டாள், என்னைக் கேட்காமலேயே. பொங்கலும் தீபாவளியும் பிறந்தநாளும் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காத குழு அது. அன்றைக்கு அது அடங்கவே இல்லை. ஒருத்திக்குக் கழுத்து, ஒருவனுக்குத் தோள், மற்ற எல்லாருக்கும் இடுப்பு. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள்.

அப்படித்தான் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாலைந்து வகுப்புத் தோழர்கள் எங்கள் கிளினிக்கில் கூடினார்கள். பனி விலகி, முன்வாசலில் நல்ல வெயில். பிசியோதெரபிஸ்ட் இளைஞரையும் அழைத்திருந்தோம். ஒருவரை ஒருவர் நாற்காலியில் படுக்க வைத்து, ஒருவர் பல்லை ஒருவர் பார்த்து, வீடியோ எடுத்து, கேலி பேசித் தீர்த்தோம். அதற்கப்புறம் காத்திருப்பு அறையின் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, தரையில் விரிப்புகளைப் போட்டு, அவர் சொன்னபடி எல்லாரும் மல்லாக்கப் படுத்து முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டோம். ஒவ்வொரு இடுப்பிலிருந்தும் ஒவ்வொரு சத்தம் வந்தது. யாரோ ஒருவன் முனகியதில் இன்னொருத்தி சிரிக்க, அந்தச் சிரிப்பு வரிசையாகப் பரவி, யாராலும் பயிற்சி செய்ய முடியவில்லை.

அப்போது அழைப்பு மணி அடித்தது. கதவு திறந்துதான் இருந்தது. மஃப்ளரால் கன்னத்தைக் கட்டிக்கொண்டு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தரை முழுக்க முழங்காலைக் கட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மனிதர்கள்.

"டாக்டர்... டாக்டர் சாப் ஹைன்?" என்று தயங்கிக் கேட்டார்.

படுத்த நிலையிலேயே எல்லாரும் கையைத் தூக்கினோம்.

அவர் ஓர் அடி பின்வாங்கினார். நல்லவேளை, வலி அவரைப் போகவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று வேறெங்கும் திறக்கவில்லையாம். என் சிநேகிதி எழுந்து கையைக் கழுவி, அவரைத் தன் நாற்காலியில் படுக்க வைத்தாள். மேல்வரிசை, கடைவாய், சீழ் பிடித்திருந்தது. நாங்கள் மற்ற எல்லாரும் விரிப்புகளை விட்டுவிட்டு அவள் பின்னால் அரைவட்டமாகப் போய் நின்றோம். பல்லைப் பார்க்க இல்லை. அவளுடைய முதுகைப் பார்க்க.

"தோளு கீழ." "முழங்கை." "பலே, அப்படியே." "கழுத்த விடு, கண்ணாடியப் பாரு." ஆளுக்கொரு பக்கம் தமிழும் இந்தியும் பஞ்சாபியுமாகக் கிசுகிசுத்தோம். அவள் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றியதும் அந்த மனிதரின் முகமே மாறிவிட்டது. அவ்வளவு நேரம் இறுகியிருந்த விரல்கள் தளர்ந்தன. கடைசி வரைக்கும் அவள் சாயவே இல்லை. நாங்கள் கைதட்டிவிட்டோம்.

அவர் எழுந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தன்னுடைய பல்லில் ஏதோ அபூர்வமான விஷயம் இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு, மஃப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் வெயிலில் நின்று வீட்டுக்குப் போன் செய்தார். வலி போய்விட்டது என்று சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தாமல், கொஞ்சம் பெருமையாகவே, ஒரு டாக்டர் இல்லை, ஒரு கூட்டமே நின்று பார்த்தது என்றார்.

"என்னட்டி சொல்லுதாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் சிநேகிதி.

"உன் முதுகு ரொம்ப அழகா இருக்காம்" என்றேன்.

"அது தெரிஞ்ச விஷயந்தான" என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் சோலே குல்ச்சா சொல்லியனுப்பினாள். முன்வாசல் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரல் சூடு பொறுக்காமல் ஊதி ஊதிச் சாப்பிட்டோம்.